முன்னால் ஒரு நாள்

மதுரை
அக்டோபர் 2

அன்புள்ள மாறன்,

நாங்கள் நலம். உனக்குக் கால்வலி இருந்தாலும் மெயிலில் எழுத மாட்டாய் என்பது தெரியும்.

எட்டு நாள் சைக்கிள் பந்தயத்தில் பாதி முடிந்துவிட்டது. தினமும் காலையில் குளித்துவிட்டு டிவி முன் உட்கார்ந்துவிடுகிறேன். இதுவரை உன்னை ஒரே ஒரு தடவைதான் காட்டினார்கள். சட்டைக்குள் தண்ணீர் பாட்டில்களைத் திணித்துக்கொண்டு கூட்டத்தின் வாலில் வந்தாய். எல்லாம் உன் கேப்டனுக்காம். அவருக்குக் கை இல்லையா?

எதிர்வீட்டு பீமாராவ் கேட்டார்: "என்ன சார், கடைசியா வாரதுக்கா பையன் மலேசியா வரைக்கும் போனான்? நம்ம பரவை ரோட்டுலயே வந்திருக்கலாம்ல?" சிரித்துவைத்தேன்.

கேட்பது தவறென்றால் விட்டுவிடு. ஒரு நாளாவது நீ முன்னால் போகக்கூடாதா?

உன் அப்பா,
கருத்தக்கண்ணன்


ஈப்போ
அக்டோபர் 3

அன்புள்ள அப்பா,

எத்தனை தடவை சொல்வது? இதுதான் என் வேலை. தண்ணீர் கொண்டுவருவது, எதிர்காற்று கேப்டன்மேல் படாமல் அவருக்கு முன்னால் ஓட்டுவது, அவருக்குப் பஞ்சரானால் என் சக்கரத்தைக் கழற்றிக் கொடுப்பது. அவர் இப்போது மூன்றாவது இடத்தில் இருக்கிறார். அப்படியே முடித்தால்தான் அடுத்த வருஷம் எனக்கு ஒப்பந்தம். நீங்கள் இப்படி எழுதினால் மலையேறும்போது அதுதான் காதில் கேட்கிறது.

தயவுசெய்து என்னைத் தேடாதீர்கள். அவ்வளவு கஷ்டமாக இருந்தால் பார்க்கவே வேண்டாம்.

தமிழ்மாறன்


மதுரை
அக்டோபர் 4

அன்புள்ள மாறன்,

உன் மெயிலை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "பேசாம இருங்க. அவன் வேல அவனுக்குத் தெரியும்" என்றாள். சரிதான்.

ஓய்வு பெறும்வரை நான் உதவித் தலைமையாசிரியர். ஆண்டு விழாவில் எல்லா வேலையும் செய்வேன். புகைப்படத்தில் இருக்க மாட்டேன். யாரும் ஒதுக்கவில்லை. படம் எடுக்கும் நேரத்தில் எங்கேயாவது நாற்காலி அடுக்கிக்கொண்டிருப்பேன். உன்னையும் அந்த இடத்தில் பார்க்க எரிச்சலாக இருந்தது. இனி கேட்க மாட்டேன்.

நன்றாகச் சாப்பிடு.

அப்பா


கோலாலம்பூர்
அக்டோபர் 6

அப்பா,

பார்த்தீர்களா?

கடைசி மலையில் கேப்டனுக்குப் பஞ்சர். "நில், சக்கரத்தைக் கொடு" என்று காதுக்கருவியில் மேனேஜர் கத்தினார். முன்னால் நான்கு பேர்தான் இருந்தார்கள். நான் நிற்கவில்லை. கேமரா வண்டி பக்கத்தில் வந்தபோது திரும்பி நேராகப் பார்த்தேன். உங்களுக்காகத்தான். இன்று ஐந்தாவதாக வந்தேன்.

கேப்டன் ஒன்பதாவது இடத்துக்குப் போய்விட்டார். எனக்கு ஒப்பந்தம் இல்லை என்று மேனேஜர் பஸ்ஸிலேயே சொல்லிவிட்டார். சாப்பிடும்போது யாரும் என்னோடு பேசவில்லை. போகட்டும். என்னைப் பார்த்ததும் நீங்கள் என்ன செய்தீர்கள்? அதை மட்டும் எழுதுங்கள்.

மாறன்


மதுரை
அக்டோபர் 7

அன்புள்ள மாறன்,

"பார்த்தேன்" என்று முதலில் எழுதினேன். பிறகு அழித்துவிட்டேன்.

பார்க்க வேண்டாம் என்றாய். சொன்னதைக் கேட்டே பழகியவன் நான். அதற்குப் பிறகு டிவி போடவில்லை. கடைசி நாள் வீட்டில் இருந்தால் கை சும்மா இருக்காதென்று ஸ்கூட்டரில் பரவை மார்க்கெட்டுக்குப் போய்விட்டேன். வரும் வழியெல்லாம் போன் அடித்தது. வண்டி ஓட்டும்போது நான் எடுப்பதில்லை என்பது உனக்குத் தெரியும்.

அம்மா வாசலிலேயே நின்றாள். "எம்புட்டு நேரமாக் கூப்புடுறேன்! நம்ம பய முன்னாடி போறான், இங்குட்டுத் திரும்பிப் பாக்குறான், நீங்க கத்தரிக்கா வாங்கிட்டு வாரீங்க!"

அவளோடு உட்கார்ந்து பார்த்த பீமாராவ் எழுந்து வந்து கை நீட்டினார். என் இரண்டு கையிலும் பை இருந்தது.

பதிவு இருக்கிறது, போட்டுப் பாருங்கள் என்கிறார்கள். போடுகிறேன். பஞ்சராகும் இடம் வந்ததும் நிறுத்திவிடுகிறேன். அதுவரைக்கும் உன் வேலை இருக்கிறது. அதற்கு மேல் ஓடவிட்டால் நீ திரும்பி, அங்கே இல்லாத என்னைப் பார்ப்பாய்.

அப்பா