பீப்பாயைக் கழற்றியவர்கள்

என் பிரியமுள்ள அண்ணா,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. இத்தனை நாள் உனக்கு எழுத உட்கார்ந்தால் அழுகைதான் வந்தது. இன்றைக்கு அழுகை வரவில்லை. அருவருப்பு வருகிறது. அதைக் கொட்ட உன்னை விட்டால் எனக்கு ஆளில்லை. தமிழ்ச் சங்கத்து ஆட்கள் இதைப் படிக்க நேர்ந்தால் படிக்கட்டும். அவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

உன் டிராக்டர் கவிழ்ந்துவிட்டது, அண்ணா. பதறாதே, அண்ணி நன்றாக இருக்கிறார். வண்டியும் இப்போது ஓடுகிறது. ஆனால் நடந்ததை நீ முழுசாகக் கேட்டாக வேண்டும்.

இந்த டெக்சாஸில் ஃபிரிஸ்கோவைத் தாண்டி மூன்று ஏக்கர் வாங்கி, அதற்கென்று முன்னால் மண்ணை வாரித் தூக்கும் லோடர் வைத்த அந்தச் சின்ன ஆரஞ்சு டிராக்டரையும் நீ வாங்கியபோது உன் ஆபீஸ்காரர்கள் எப்படிச் சிரித்தார்கள்! "டெலிகாம் என்ஜினியருக்கு எதுக்குய்யா டிராக்டர்?" என்றார்கள். சிரித்தவர்களே பிறகு சங்கத்துக்கு நிலம் வாங்கியதும் உன்னைத்தான் கூப்பிட்டார்கள். மூன்று மாதம், ஒவ்வொரு சனி ஞாயிறும், அந்தக் கரிசல் மண்ணை வாரி இழைத்துச் சமப்படுத்தினாய். பாதி நாள் நானும் வந்தேன். நீ ஓட்டுவதைக் குறை சொல்லவும், நான் ஓட்டுவதை நீ குறை சொல்லவும் நமக்கு நேரம் சரியாக இருந்தது.

நாம் சண்டை போடாத விஷயம் ஒன்றே ஒன்று, பின்னால் தொங்கும் பீப்பாய். பழைய எண்ணெய் பீப்பாயில் கான்கிரீட் நிரப்பி, உள்ளே இரும்புக் கம்பி வைத்து, டிராக்டரின் பின்கைகளில் மாட்டியிருந்தாய். லோடர் வேலை என்றால் அது இல்லாமல் வண்டியை நகர்த்தவே மாட்டாய். காரணம் எளிது. முன்னால் சுமை ஏற ஏறப் பின்சக்கரங்கள் லேசாகிக்கொண்டே போகும். முன் அச்சோ நடுவில் ஒரே ஒரு முளையில் அப்படியும் இப்படியும் ஆடுகிற அச்சு. அது வண்டியைச் சாயாமல் பிடித்து நிறுத்தாது. பின்சக்கரம் மண்ணை விட்டால் வண்டி பக்கவாட்டில் சரியும். பிரேக்கும் பின்சக்கரத்தில்தான். பின்னால் கனம் இருந்தால்தான் நான்கு சக்கரமும் தரையில் இருக்கும்.

இது புரிய டாக்டர் பட்டம் தேவையில்லை. ஒருவேளை டாக்டர் பட்டம் இருந்ததால்தான் புரியவில்லையோ என்னவோ.

சங்கத் தலைவர் ஞானசேகரனைத்தான் சொல்கிறேன். எதில் டாக்டர் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது, கேட்டவர்களும் இல்லை. ஜூன் மாதம் கட்டட வேலை ஆரம்ப விழா வைத்தார். அதற்காக ஒரு கருங்கல் பலகை செதுக்க ஆர்டர் கொடுத்திருந்தார். தொள்ளாயிரம் பவுண்டு. அதில் கமிட்டி ஆட்கள் இருபத்திரண்டு பேரின் பெயர்கள், எல்லாவற்றுக்கும் மேலே இரண்டு மடங்கு பெரிய எழுத்தில் அவர் பெயர். உன் பெயர் இல்லை. கேட்டேன். நீ கமிட்டியில் இல்லையாம். மண்ணைச் சமப்படுத்தியவனுக்குக் கல்லில் இடமில்லை.

அந்தக் கல்லைத் தூக்கி நிறுத்த டிராக்டர் வேண்டும் என்று அண்ணியைக் கேட்டார்கள். "அவர் இருந்திருந்தா தந்திருப்பார், எடுத்துட்டுப் போங்க" என்றார் அண்ணி. நானே டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கினேன். பீப்பாயும் அதன் இடத்தில்தான் இருந்தது.

விழாவுக்கு இரண்டு நாள் முன்பு மழை. நிலத்தின் கிழக்கு ஓரம் லேசாகச் சரிவு, உனக்குத் தெரியும். மேடை அங்கேதான் போட்டிருந்தார்கள், பேனரில் வெயில் நன்றாக விழுமாம்.

விழாவன்று தலைவர் வந்தார், டிராக்டரைச் சுற்றிப் பார்த்தார், மூக்கைச் சுளித்தார்.

"பின்னால என்ன இது அசிங்கமா தொங்குது? விடியோல விழும். ரிமூவ் பண்ணுங்கப்பா."

"டாக்டர், அது வெயிட். அது இல்லாம கல்லைத் தூக்கக்கூடாது. வண்டி கவுந்துடும்" என்றேன்.

சிரித்தார். அந்தச் சிரிப்பை உனக்கு எப்படி எழுதிக் காட்டுவது? ஒரு குழந்தை மழலையில் ஏதோ உளறினால் பெரியவர்கள் சிரிப்பார்களே, அப்படி. எனக்கு நாற்பத்திரண்டு வயது.

"கோமதி, என் கீழே இருபது என்ஜினியர்ஸ் வொர்க் பண்றாங்க. லோடர் கெபாசிட்டி ஆயிரம் பவுண்டுன்னு அதுலயே எழுதியிருக்கு. கல்லு தொள்ளாயிரம். சிம்பிள் மேத்ஸ். நீங்க போய் காபி ரெடியான்னு பாருங்கம்மா."

லோடரால் தூக்க முடிவது வேறு, தூக்கிக்கொண்டு வண்டியால் நிற்க முடிவது வேறு என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் வேறு யாரிடமோ மைக் பற்றிப் பேசிக்கொண்டு நடந்துவிட்டார். கூட இருந்தவர்களில் நான்கு பேர் மெக்கானிக்கல் படித்தவர்கள், அண்ணா. நான்கு பேரும் தங்கள் ஷூவில் ஒட்டியிருந்த சேற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நானும் ஒன்றும் பெரிய வீராங்கனை இல்லை. போனேன். காபி ரெடியா என்று பார்க்கப் போனேன். மற்றவர்கள்மேல் எனக்கு இருக்கும் இகழ்ச்சியில் ஒரு பங்கை எனக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன்.

ஓட்டுவதற்கு மூர்த்தியைப் பிடித்தார்கள். உனக்கு நினைவிருக்கும், சங்கப் பொருளாளர், பேங்கில் ஒய்டூகே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர், யார் எதைச் சொன்னாலும் "சரிங்க" என்கிறவர். ஊரில் கோபிப் பக்கம் டிராக்டர் ஓட்டியிருக்கிறார். ஆனால் லோடர் வைத்த வண்டியில் உட்கார்ந்ததுகூட இல்லை. பீப்பாயைக் கழற்றி ஓரமாக வைத்தார்கள். பந்தலுக்குள் நுழைய இடிக்கிறது என்று, வண்டி கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காப்பாற்றச் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் பாதுகாப்புக் கம்பியையும் மடக்கிவிட்டார்கள்.

கல்லைத் தரையிலிருந்து ஒரு முழம் தூக்கி அப்படியே மெதுவாக நேராகக் கொண்டுபோயிருந்தால்கூட ஒருவேளை தப்பித்திருக்கலாம். ஆனால் விடியோக்காரர், "சார், பேனரை மறைக்குது, இன்னும் கொஞ்சம் ஹைட் குடுங்க" என்றார். தலைவரும் இரண்டு கையையும் மேலே மேலே என்று ஆட்டினார். கல் மூர்த்தியின் தலை உயரத்துக்குப் போயிற்று. அப்புறம் சரிவில் இடது பக்கம் திருப்பச் சொன்னார்கள், பெயர்கள் கேமராவுக்குத் தெரிய வேண்டும் அல்லவா?

நான் காபிப் பாத்திரத்துப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பின்சக்கரம் சேற்றிலிருந்து மெல்ல எழுந்தது. அவசரமே இல்லாமல் எழுந்தது. "மூர்த்தி, கீழ எறக்குங்க! கல்லைக் கீழ எறக்குங்க!" என்று கத்தினேன். ஒலிபெருக்கியில் நாதஸ்வரம் போட்டிருந்தார்கள். வண்டி சாய்ந்தது, மூர்த்தி தெறித்து விழுந்தார். அவர் வலது கால்மேல் சக்கரத்துக்கு மேலிருக்கும் தகட்டு மூடி விழுந்தது.

பதினைந்து பேர் சேர்ந்து வண்டியை நெம்பி அவரை இழுத்தோம். அவர் கத்தவில்லை. "ஒண்ணுமில்லீங்க, ஒண்ணுமில்லீங்க" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். முழங்காலுக்குக் கீழே கால் தப்பான பக்கம் திரும்பியிருந்தது. நான் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஆம்புலன்ஸுக்காகக் காத்திருந்தேன். அப்போது எனக்குப் பின்னால் தலைவரின் குரல் கேட்டது.

"ஐயோ, கல்லு போச்சே."

கல் போகவில்லை. ஒரு மூலைதான் உடைந்திருந்தது. அவர் பெயர் இருந்த மூலை அல்ல, அந்த அளவுக்கு நமக்கு அதிர்ஷ்டம் கிடையாது.

மூர்த்திக்கு இரண்டு ஆபரேஷன். கால் பிழைத்தது. மூன்றாவது வாரம் அண்ணிக்குச் சங்கத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. லெட்டர்ஹெட்டில் டைப் அடித்து, மூர்த்தியைத் தவிரக் கமிட்டி முழுவதும் கையெழுத்துப் போட்டு. "காலஞ்சென்ற தங்கள் கணவரால் சரிவரப் பராமரிக்கப்படாத இயந்திரத்தின் கோளாறு காரணமாக" விபத்து நடந்ததாம். அதற்காகச் சங்கம் வருந்துகிறதாம். செத்தவன் வந்து மறுக்கப் போவதில்லை என்ற தைரியம்.

அண்ணி அதைச் சமையலறையில் நின்றபடியே இரண்டு தடவை படித்தார். எனக்குப் போன் பண்ணியபோது குரல் மிகவும் தணிந்திருந்தது.

"கோமு, உங்கண்ணா கடைசி வருஷம் ரொம்ப டயர்டா இருந்தாரே. ஒருவேளை வண்டியை சரியா பாக்கலியோ? வித்துடலாமா?"

உன்னைப் பழித்ததைக்கூடப் பொறுத்திருப்பேன், அண்ணா. எண்ணெய் மாற்றிய தேதியைக்கூடச் சின்ன நோட்டில் எழுதி வைத்தவன் நீ. உன்னைப் பற்றி உன் பெண்டாட்டி மனதிலேயே சந்தேகத்தை விதைத்துவிட்டார்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

வண்டியை மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். இரண்டு மணி நேரம் பார்த்துவிட்டு, வளைந்த மூடியைத் தவிர ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். அதைத் தலைவரிடம் காட்டினேன். "மெக்கானிக் என்ன வேணா சொல்வான்மா" என்றார். அதோடு கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிட்டார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

சரி, பேச்சு வேண்டாம் என்று தீர்மானித்தேன்.

செப்டம்பரில் பொதுக்குழு, அதே நிலத்தில், அதே பந்தலில். கல் இன்னும் மேடை ஏறாமல் மரப்பலகைமேல் கிடந்தது. எல்லாரும் சாப்பிட்டு முடிக்கும் நேரம் பார்த்து வண்டியை இறக்கினேன். பாதுகாப்புக் கம்பியை நிமிர்த்தி, பெல்ட் போட்டுக்கொண்டேன். பீப்பாய் இல்லாமல், சமதரையில், கல்லுக்கு நேராகப் போய்த் தூக்கினேன். ஒரு சாண் தூக்கி, மெல்ல நகர்ந்து பிரேக்கைத் தொட்டதும் பின்சக்கரம் இரண்டும் தரையை விட்டன. உடனே இறக்கினேன். மறுபடி தூக்கினேன், மறுபடி எழுந்தன. மூன்றாவது தடவை யாரும் சாப்பிடவில்லை. தட்டோடு எழுந்து வந்து பார்த்தார்கள்.

வண்டியைப் பின்னோக்கி நகர்த்தி, இறங்கி, ஓரமாக வைத்திருந்த பீப்பாயைப் பின்கைகளில் மாட்டினேன். யாரும் உதவிக்கு வரவில்லை, நான் கூப்பிடவும் இல்லை. அதே கல்லைத் தூக்கினேன். நான்கு சக்கரமும் நின்ற இடத்தில் நின்றன. கல் தரையை உரசாத உயரத்தில் மட்டும் வைத்து, நடக்கும் வேகத்தில், எங்கும் சட்டென்று திருப்பாமல், சரிவுக்கு நேராக ஏறி மேடை அருகே கொண்டுபோய் இறக்கினேன்.

தலைவர் கூட்டத்தைப் பார்த்து, "இது எனக்குத் தெரியாம இல்ல. அன்னிக்கு டைம் இல்ல, அதான் விஷயம்" என்றார்.

மூர்த்தி ஊன்றுகோலோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். எழுந்து நிற்க அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. எல்லாரும் காத்திருந்தோம்.

"தெரிஞ்சுதான் என்னை அதுல ஏத்துனீங்களா?"

அவ்வளவுதான் கேட்டார். குரலை உயர்த்தக்கூட இல்லை. அந்த மனிதர் வாழ்க்கையில் "சரிங்க" என்று சொல்லாமல் பேசிய முதல் வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். தலைவர் மைக்கைத் தட்டினார், தண்ணீர் கேட்டார், அஜெண்டாவில் அடுத்தது என்ன என்று பார்த்தார்.

அதோடு எல்லாம் மாறிவிட்டது என்று நினைக்காதே. அதே கூட்டத்தில், அரை மணி நேரம் கழித்து, அவரையே மறுபடி தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். வேறு யாரும் நிற்கவில்லை. அடுத்த வாரம் வந்த சுற்றறிக்கையில் ஒரு புதிய விதி: கமிட்டி அனுமதி பெறாத பெண்கள் சங்க வளாகத்தில் இயந்திரங்களை இயக்கக் கூடாது. சிரித்துவிட்டேன். இவர்களை வெறுப்பதற்குக்கூட ஒரு தகுதி வேண்டுமே, அது இவர்களிடம் எங்கே இருக்கிறது? அண்ணிக்கு அனுப்பிய கடிதத்தை மட்டும் சத்தமில்லாமல் வாபஸ் வாங்கிக்கொண்டார்கள். மன்னிப்பு என்ற வார்த்தை அவர்கள் டைப்ரைட்டரில் இல்லைபோலும். மூர்த்தி ராஜினாமா செய்துவிட்டார்.

அன்று பொதுக்குழுவுக்கு அண்ணியும் வந்திருந்தார். வீடு திரும்பும்போது, உன் வீட்டுச் சரளைக்கல் பாதையில் திரும்பியதும் சொன்னார்.

"நான் அவரை சந்தேகப்பட்டுட்டேன் கோமு."

"விடுங்க அண்ணி. அவனுக்குத் தெரியாது."

"தெரிஞ்சிருக்கும்" என்று சொல்லிவிட்டு அழுதார். நீ போன நாளில்கூட அவர் அப்படி அழவில்லை. உனக்குத் தெரிந்ததா, அண்ணா? தெரிந்திருந்தால் கோபித்துக்கொண்டாயா?

போன சனிக்கிழமை நான் போனபோது அண்ணி உன் தொப்பியைப் போட்டுக்கொண்டு டிராக்டர் சீட்டில் உட்கார்ந்திருந்தார், சாவி போடாமல். "இதுல எது எதுக்குன்னு சொல்லு. நிதானமா சொல்லு, நான் எழுதிக்கிறேன்" என்றார். விற்கிற பேச்சு போயே போய்விட்டது. மேற்கு வேலியோரம் நீ பாதியில் விட்ட மண் மேட்டைத் தானே வாரப்போகிறாராம்.

அந்த மேடு தரைமட்டமாகும்வரை ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் அங்கே இருப்பேன். அண்ணி தப்பாக ஓட்டினால் சும்மா இருக்க மாட்டேன்; சரியாக ஓட்டினால் அதையும் உரக்கச் சொல்வேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

என்றும் உன்னோடு சண்டை போட்ட, இனி உனக்காகச் சண்டை போடும்
உன் வாயாடித் தங்கை,
கோமதி