சரசுவுக்குப் பூசணிக் குழம்பு

12 செப்., வெள்ளி

காலையிலேயே வெயில். டைபாய்டு விட்டும் சரசுவுக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டு வாய், அப்புறம் தட்டைத் தள்ளிவிடுகிறாள். நாக்கில் ருசியே இல்லையாம். டாக்டர்: வாய்க்குப் பிடித்ததைக் கொடுங்கள், காரம் கம்மியாக. மிளகாய் வத்தல் வியாபாரி என்னிடம் சொல்கிற பேச்சு! திங்கட்கிழமைக்குள் சாப்பிட ஆரம்பிக்காவிட்டால் பெட்டில் சேர்த்து டிரிப்ஸாம்.

மச்சினன் தாயில்பட்டித் தோட்டத்திலிருந்து ஒரு மஞ்சள் பூசணி கொண்டுவந்தான். "அக்காவுக்குப் பூசணிக் குழம்புன்னா உசுரு அத்தான். வச்சுக் குடுங்க."

நானா? முழுப் பூசணியை ஆம்பிளைதான் முதலில் கீற வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். இத்தனை வருடமாக என் சமையல் அந்த ஒரு வெட்டோடு சரி.

13, சனி

கடையைத் திறக்கவில்லை. பூசணி, தட்டாம்பயறு, புளி, வத்தல், நல்லெண்ணெய். வத்தலைத் தொட்டாலே காரம் எம்புட்டு என்று சொல்வேன். குழம்புக்கு எத்தனை போடுவது என்று தெரியவில்லை.

கட்டிலிலிருந்து சரசு: "தோலச் சீவாதீக. பயறு வெந்துருச்சா பாருங்க."

மூன்று வாய் சாப்பிட்டாள். "நல்லாத்தாங்க இருக்கு." எனக்குத் தலைகால் புரியவில்லை. பிறகு நான் உட்கார்ந்து ஒரு வாய் வைத்தேன்.

உப்பே போடவில்லை.

அவளிடம் சொல்லவில்லை. உப்பில்லாததுகூட அவள் நாக்குக்குத் தெரியவில்லையே, பயமாக இருக்கிறது.

14, ஞாயிறு

தீபாவளி சீசன். ரோட்டில் பட்டாசு லோடு லாரிகள் ஓயவில்லை. மறுபடி பூசணி. ஞாபகமாக உப்பு. நேற்றுப் போலவே இடது கையில் எண்ணெய் தெறித்துவிட்டது.

"நல்லா இருக்குங்க." இரண்டு வாயோடு சரி.

கேட்டேவிட்டேன். "நேத்து உப்பே இல்ல, அதுவும் நல்லாருக்குன்ன?"

"பெறகு என்ன சொல்ல? கையெல்லாம் சுட்டுக்கிட்டு வச்சிருக்கீக."

ஆஸ்பத்திரிக்குப் பை எடுத்துவைத்தேன். துண்டு, டம்ளர், போர்வை, சார்ஜர்.

15, திங்கள்

மேகமூட்டம். பத்து மணிக்கு டாக்டர். மிச்சமிருந்த பூசணியை அவசரமாக வைத்து இறக்கினேன். இதுவும் இறங்காவிட்டால் பையைத் தூக்க வேண்டியதுதான்.

ஒரு வாய் வைத்தாள். முகத்தைச் சுளித்தாள்.

"என்னங்க இது? புளியக் கரைச்சுக் கொதிக்கவே விடலையா? பச்ச வாடை குப்புன்னு அடிக்குது. மனுசன் திம்பானா இதை?"

"இன்னொரு தடவ சொல்லு."

"எதுக்கு?"

"சும்மா சொல்லேன்."

"பச்சப் புளி வாடை அடிக்குதுங்கேன். நின்னு சிரிக்கீக! போய் நல்லாக் கொதிக்க வச்சுக் கொண்டாங்க. பசிக்குது."

கொதிக்க வைத்தேன். சட்டி சரியாகத் தெரியவில்லை, கண்ணெல்லாம் தண்ணீர். ஏசிக்கொண்டே ஒரு தட்டுச் சோறு சாப்பிட்டாள்.