கோழி இறகும் காரத் தண்ணீரும்

லுசீனியாவுக்கு அப்பா எழுதுவது. நான் நலம், பசுவும் நலம், மழைதான் இல்லை. நீ லிஸ்பனில் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும். உன் அம்மாவும் நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை.

புனித யோவான் திருநாள் கழிந்து, தேய்பிறையில் சோப்புக் காய்ச்ச உன் அம்மா பன்றிக் கொழுப்பு சேர்த்து வைத்திருந்தாள். போன தடவை சாம்பலில் வடித்த காரத் தண்ணீர் வலுவில்லாமல் போய், சோப்பு கஞ்சி மாதிரி நின்றுவிட்டது. அதனால் உன் அத்தை தெவொலிந்தா, நல்லது செய்வதாக நினைத்து, யாரிடமும் சொல்லாமல் கடையில் வாங்கிய காஸ்டிக் சோடாவை இந்தத் தடவை வடித்த தண்ணீரில் கரைத்துவிட்டாள். அதற்குள் அடுப்பு மூட்டியாயிற்று. பானை அடுப்பில் இருக்கும்போது பக்கத்தில் யாரும் வாய் திறக்கக் கூடாது, கண் பட்டு சோப்பு திரிந்துபோகும் என்பது நம் வீட்டு வழக்கம், உனக்குத் தெரியும். உன் அம்மா வந்தாள், மரக்கரண்டியில் கொஞ்சம் எடுத்தாள், வெறும் சாம்பல் காரம்தான் என்று எப்போதும்போல் வலுப் பார்க்க நாக்கில் விட்டாள். சுட்ட சூட்டில் துப்பத் தெரியாமல் விழுங்கிவிட்டாள். தெவொலிந்தா எதிரிலேயே நின்றிருக்கிறாள். காரம் வலுவாக இருந்தால் கோழி இறகு அதில் கரைந்துவிடும், அவள் அப்படித்தான் வலுப் பார்ப்பாள். கேட்டால், "அண்ணியும் கோழி இறகை முக்கித்தான் பாப்பாங்கன்னு நெனச்சேண்ணே, பேசினா சோப்பு கெட்டுருமேன்னு பல்லைக் கடிச்சிக்கிட்டு நின்னேன்" என்று அழுகிறாள். அவள் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. உன் அம்மாதான் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து முதுகைத் தடவிக் கொடுக்கிறாள். எனக்கு இன்னும் ஆத்திரம் வருகிறது.

உன் அம்மாவுக்கு நாக்கு வெந்துவிட்டது, பேச்சில்லை. பால்கூட மூக்குக் குழாய் வழியாகத்தான். தொண்டை சுருங்கிக்கொண்டே வருகிறதாம். டாக்டர் அடுத்த வாரம் உள்ளே கம்பி விட்டு விரித்துப் பார்ப்பார். விரியாவிட்டால் வயிற்றில் ஓட்டை போட்டு அதன் வழியாகத்தான் கடைசிவரை சாப்பாடு என்கிறார். ஊரிலேயே பீன்ஸுக்கு அவள் கைப்பக்குவம் யாருக்கும் வராது. இப்போது எனக்காக வேகவைத்துவிட்டு வாசனையை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அந்தச் சோப்பு என்னவோ வெள்ளையாக, கல் மாதிரி இறுகிவிட்டது. அவளே அதில் துணி துவைக்கிறாள். நான் வெறும் தண்ணீரில் முகம் கழுவுகிறேன்.

நீ வேலை பார்க்கும் ஓட்டலில் சாக்கடை அடைப்புக்குப் போடுகிறார்களே, அதுவும் இதே சோடாதான். கையுறை இல்லாமல் தொடாதே, குடிக்கிற பாட்டிலில் ஊற்றி வைக்காதே. வேலையை விட்டு ஓடி வராதே என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், எழுத முடியவில்லை. முடிந்தால் வா.

கன்னி மரியாள் உனக்குத் துணை இருக்கட்டும், என் ஆசியும் உண்டு. ஒன்று மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது அம்மாவிடம் எதையும் கேட்காதே, நீயே பேசிக்கொண்டிரு. இவ்வளவு நாளும் அம்மா கோயிலுக்குப் போயிருக்கிறாள், குளிக்கிறாள் என்று உன்னிடம் சொன்னேனே, அப்போதெல்லாம் அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து உன் குரலைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

உன் அப்பா,
அதெமார்