பட்டியலின் பின்பக்கத்தில் ஒரு வரி

பென்சில்வேனியா,
ஜூன் 14

அன்புள்ள அப்பாவுக்கு,

ஹேட்டி எழுதுவது. அம்மா, தங்கச்சி கோரா, நான் மூவரும் நலம். ஐடஹோவில் உங்கள் தீயணைப்பு முகாமுக்கு இந்தக் கடிதம் எந்தக் கிழமை வந்து சேருமோ, அன்றைக்கும் நீங்கள் நலமாக இருக்க வேண்டும்.

போன ஆகஸ்டில் நாங்கள் இங்கே குடிவந்த வாரம், பள்ளி மாவட்ட அலுவலகத்திலிருந்து அம்மா ஒரு தாள் வாங்கிவந்தாள். வீட்டிலேயே படிக்கும் பிள்ளைகளுக்கு என்னென்ன பாடம் நடத்த வேண்டும் என்ற பட்டியல் அது. அதன் பின்பக்கத்தில் ஒரே ஒரு வரி இருந்தது. தீயின் ஆபத்துகள், தீத்தடுப்பு, ஆண்டு முழுவதும், விடாமல். அதை நான்தான் முதலில் பார்த்தேன். அம்மாவும் பார்த்திருப்பாள் என்று நினைத்து ஒன்றும் சொல்லவில்லை. நான் எதையும் சொல்லாதவள் என்பது உங்களுக்குத் தெரியும்.

ஐடஹோவில் இதெல்லாம் ஏது? நான்காம் வகுப்பில் பெயர் கூப்பிட்டால்கூட வாய் திறக்காமல் இருந்தேன். ஒரு திங்கட்கிழமை முதல் அம்மா என்னைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைத்தாள். அவ்வளவுதான், யாருக்கும் ஒரு வரி எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. இங்கே வந்ததும் உறுதிமொழிப் பத்திரம், அதற்கு நோட்டரி முன்னால் கையெழுத்து, தடுப்பூசி அட்டை, அம்மா பள்ளி முடித்த சான்றிதழ், படித்த புத்தகங்களுக்குத் தேதிவாரியாக ஒரு பதிவேடு. "இவ படிச்சதைவிட இவளுக்காக நான் எழுதினதுதான் ஜாஸ்தி" என்று அம்மா குளிர்காலத்தில் உங்களிடம் புலம்பினாளே, நீங்கள்கூடச் சிரித்தீர்கள்.

பதிவேடு எனக்குக் கஷ்டமாக இல்லை. ஆனால் ஆண்டு முடிவில் ஒரு மதிப்பீட்டாளர் வந்து பிள்ளையோடு நேரில் பேச வேண்டும். பேசி, பாடக் கோப்பைப் பார்த்து, படிப்பு ஒழுங்காக நடந்திருக்கிறது என்று கையெழுத்துப் போட வேண்டும். அவர் போடாவிட்டால் ஆகஸ்ட் கடைசியில் நான் மஞ்சள் பள்ளிப் பேருந்தில் ஏற வேண்டியதுதான் என்று அம்மா பயந்தாள். நான் அதைவிட அதிகமாகப் பயந்தேன்.

வியாழக்கிழமை திருமதி ஸ்வைகார்ட் வந்தார். முப்பது வருடம் பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். கையில் ஒரு பொட்டலம் பிரெட்சல், முறுக்கு மாதிரி உப்பு பிஸ்கட். முதலில் கோராவிடம் பேசினார். கால் மணி நேரம் கேட்டுவிட்டு, "போதும்டி கண்ணு, உன்னை நிறுத்தத்தான் தனியா ஒரு சட்டம் போடணும்" என்றார்.

அடுத்தது நான். கோப்பைப் புரட்டினார். அல்ஜீப்ரா, சால்மன் ஆற்றின் வரைபடம், பறவைக் குறிப்புகள். கேட்டதற்கெல்லாம் தலையாட்டினேன். மூன்று கேள்விக்கு அம்மாவே முந்திக்கொண்டு பதில் சொன்னாள். "நீங்க பாஸாயிட்டீங்கம்மா, இப்ப பொண்ணு பேசட்டும்" என்றார்.

பிறகு கடைசிப் பக்கம்வரை போய், மறுபடி முதலிலிருந்து புரட்டி, "தீ எங்கே?" என்று கேட்டார்.

அம்மா துள்ளி எழுந்து சமையலறைக்கு ஓடினாள். அடுப்பு அணைந்துதான் இருந்தது. திரும்பி வந்தபோது திருமதி ஸ்வைகார்ட் அந்தத் தாளின் பின்பக்கத்தைக் காட்டினார். அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. "அங்கே எங்களுக்கு இப்படி எதுவும் இல்லைங்க" என்றாள். "இது ஐடஹோ இல்லையேம்மா. சொல்லியே தரலேன்னா நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?"

அப்பா, காட்டுத்தீயை அணைக்கப் போகிறவர் வீட்டில் தீயை ஒரு பாடம் என்று யார் நினைப்பார்கள்?

என்னைப் பேசச் சொல்லி அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. அதனால்தான் எனக்கு வாய் வந்தது என்று நினைக்கிறேன். "அம்மா சொல்லித் தந்தாங்க. பாடம்னு பேர் வைக்கல, அதான்" என்றேன். இரண்டு வருடம் முன்னால், நீங்கள் வேறு பள்ளத்தாக்கில் இருந்தபோது, தீ மலைமுகட்டைத் தாண்டி வந்த நாளைச் சொன்னேன். எரிவாயுவை மூடினோம், திரைச்சீலைகளைக் கழற்றினோம், சுவரோரம் அடுக்கியிருந்த விறகை முற்றத்துக்கு அப்பால் தள்ளினோம். கூரை விளிம்பில் மழைநீர் ஓடும் தகரக்கால்வாயில் இருந்த பைன் ஊசிகளை நான் கையால் வாரினேன். கதவைப் பூட்டாமல், எல்லா விளக்கையும் போட்டுவிட்டுக் கிளம்பினோம்.

"பகல்ல எதுக்கு விளக்கு?" என்று கேட்டார்.

"புகை வந்துட்டா நடுப்பகல்லயும் வீடு தெரியாதுங்க. அணைக்க வர்றவங்களுக்கு இங்க ஒரு வீடு இருக்குன்னு தெரியணும்ல."

"அது அங்கே. இங்கே என்ன செஞ்சே? ஆண்டு முழுக்கன்னு போட்டிருக்கே."

நான் எழுந்து போய்ச் சமையலறை நாட்காட்டியை ஆணியிலிருந்து எடுத்துவந்தேன். போன வருடத் தாள்களையும் கிழித்துப் போடாமல் பின்னால் குத்தி வைத்திருந்தேன். செப்டம்பரிலிருந்து ஒவ்வொரு ஒன்றாம் தேதியிலும் பென்சிலால் ஒரு சின்ன வட்டம். புகை வந்தால் உத்தரத்தில் அலறுமே, அந்தப் புகை மணியை அழுத்திப் பார்த்த நாள். நவம்பரில் இரண்டு கோடு, மேப்பிள் இலைகளைக் கூரைக் கால்வாயிலிருந்து வாரிய நாட்கள். ஜனவரியில், தீப்பிடித்தால் ஜன்னல் வழியாக இறங்கக் கோராவைப் பழக்கிய நாள்.

"இதை யார் உன்னைச் செய்யச் சொன்னா?"

"அந்தத் தாள்தான்."

அம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை. "பத்து மாசமா பார்த்துட்டு ஒரு வார்த்தை சொல்லலியேடி, கல்லுளிமங்கி" என்றாள். திருமதி ஸ்வைகார்ட் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். "இருபது நிமிஷம் பேசியிருக்கே, தெரியுமா? உன் தங்கச்சியே வாயை மூடிட்டா." நாட்காட்டியின் நகலையும் கோப்பில் வைக்கச் சொன்னார். வைத்துவிட்டோம்.

போகும்போது, தீயைப் பற்றி உன் அப்பா சொல்லித்தந்ததில் உனக்கு எது முக்கியம் என்று கேட்டார். அந்தப் பதிலை மட்டும் உங்களுக்கே எழுதலாம் என்று வைத்துக்கொண்டேன். எரிந்து முடிந்த தரை திரும்ப எரியாது, ஒரு கால் எப்போதும் அங்கேயே இருக்கட்டும் என்று உங்கள் ஆட்களுக்குச் சொல்வீர்களே, அப்பா. நீங்களும் ஒரு காலை அங்கேயே வைத்திருங்கள். தீக்காலம் முடிந்ததும், அக்டோபரில் இரண்டு காலையும் இங்கே கொண்டுவாருங்கள்.

உங்கள் மகள்,
ஹேட்டி

பி.கு.: இன்று ஒன்றாம் தேதி இல்லை. இருந்தாலும், உறையை ஒட்டுமுன் நாற்காலி போட்டு ஏறி, புகை மணியை ஒருமுறை அழுத்திப் பார்த்தேன்.