காலை, உணவுக்குப் பின்

சேசு மரி சூசை

தங்கச்சிமடம்,
14-2-2022

மாப்பிள்ளை டேவிட்ராஜுக்கு உன் அக்காள் புருஷன் வியாகுலம் எழுதுவது. நானும் உன் அக்காள் யாகப்பம்மாளும் இங்கே உயிரோடும் நடமாட்டத்தோடும் இருக்கிறோம். பஹ்ரைன் கடலில் தொழில் பார்க்கிற நீயும் சுகமாக இருக்க வேண்டும்.

ஒன்பது மாதமாக நீ என்னோடு பேசவில்லை. இரண்டு முறை போன் செய்தேன், எடுக்கவில்லை. மூன்றாவது முறை செய்கிற ஆள் நான் இல்லை. அதனால் எழுதுகிறேன். பள்ளிக்கூட வாசலை மிதிக்காமல், மீன் பொதிந்து வந்த தாள்களில் எழுத்துக் கூட்டிப் படித்தவன் நான். ஆனாலும் இந்தத் தெருவில் மனு எழுத வேண்டுமென்றால் இன்றைக்கும் என்னிடம்தான் வருகிறார்கள். பாம்பன் ரிஃபாய் லீவு முடிந்து பத்தொன்பதாம் தேதி பஹ்ரைனுக்குத் திரும்புகிறான். அவன் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன்.

வாடைக்காற்று இன்னும் விடவில்லை. வத்தைப் படகு கரையில்தான் கிடக்கிறது. போன வாரம் இரண்டு நாள் நண்டு வலைக்குப் போனேன், டீசல் காசுக்கே சரியாகப் போயிற்று. தை மாதம் தெருவில் மறுபடி கொரோனாக் காய்ச்சல் வந்தது. எங்கள் இருவருக்கும் வரவில்லை. இரண்டு ஊசியும் போட்டாயிற்று. நர்சம்மா மாதம் ஒருமுறை வீட்டுக்கே வந்து உன் அக்காளுக்குப் பிரஷர் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார். போன மாதம் நூற்று நாற்பதுக்குத் தொண்ணூறு. ஊசி போட்டாலும் மாத்திரையை விடக் கூடாது, பிரஷர் ஏறிக் கிடக்கிற உடம்பில் காய்ச்சல் புகுந்தால் போன தடவை மாதிரிதான் ஆகும் என்று என்னிடம் தனியாகச் சொன்னார். என்னிடம் ஏன் தனியாகச் சொன்னார் என்று தெரியவில்லை. நீ ஏதாவது சொல்லி வைத்தாயோ என்னவோ.

போன வருஷம் நீ லீவில் வந்திருந்தபோது ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில், இரண்டு நர்சுகளும் ஒரு டாக்டரம்மாவும் நிற்கும்போது, 'பொய் சொல்லாதீங்க மச்சான்' என்றாய். அறுபத்தேழு வயதில் என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை. கடலில் எல்லை தாண்டி அகப்பட்ட காலத்தில்கூட விசாரித்தவர்கள் என்னைப் பொய்யன் என்று சொல்லவில்லை. பொது இடத்தில் சொன்னதற்கு நீ மன்னிப்புக் கேட்க வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது.

இப்போது நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். உனக்குப் பாதிதான் தெரியும்.

தவக்காலம் நாற்பது நாளும் நம் வீட்டில் ஒருசந்தி. பொழுது சாய்ந்து ஒரே வேளை கஞ்சி, தொட்டுக்கொள்ளக் கருவாடு. நான் இருபது வயதிலிருந்து ஒரு நாளும் விட்டதில்லை. போன வருஷம் விபூதிப் புதனுக்கு முந்தின நாள் உன் அக்காள் மாத்திரைச் சீட்டைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. காலையில் சாப்பாடு இல்லையே, மாத்திரையைச் சாயங்காலம் கஞ்சி குடித்த பிறகு போடலாமா என்று கேட்டாள். நான் சீட்டைப் பார்த்தேன். 'காலை, உணவுக்குப் பின்' என்று எழுதியிருந்தது. சாயங்காலம் என்று இல்லை. மருந்து விஷயத்தில் எழுதியிருப்பதை மாற்றக் கூடாது, காலையில் உணவு இல்லை என்றால் மாத்திரையும் இல்லை என்று சொன்னேன். சரி என்றாள்.

ஈஸ்டர் முடிந்தது. மறுநாள் காலையில் மாத்திரை டப்பாவை எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் நின்றாள். நாற்பது நாள் போடாமல் நன்றாகத்தானே இருந்தாய், இனி எதற்கு என்று கேட்டேன். உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டாள்.

சித்திரைக் கடைசியில் எங்கள் இருவருக்கும் ஒரே நாளில் காய்ச்சல் வந்தது. ஒரே வீடு, ஒரே கஞ்சி. நான் ஐந்தாம் நாள் எழுந்து வலை பார்க்கப் போனேன். அவள் ஏழாம் நாள் பேச்சுக்கு நடுவில் மூச்சு வாங்கினாள். ஆம்புலன்சில் பாம்பன் பாலம் தாண்டுகிற வரைக்கும் என் கையைப் பிடித்திருந்தாள். பிறகு பிடி விட்டுப் போயிற்று. ஆஸ்பத்திரியில் பிரஷர் இருநூற்றுப் பத்து. பதினோரு நாள் ஆக்சிஜன். இதயமும் வீங்கிப்போயிருக்கிறது என்றார்கள். எனக்கு வந்ததும் அதே காய்ச்சல்தானே என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். காய்ச்சல் ஒன்றுதான், ஆனால் கட்டுப்படாத பிரஷர் இருக்கிற உடம்பில் ரத்தக்குழாயும் இதயமும் ஏற்கனவே களைத்துப்போயிருக்கும், அந்த உடம்பு இதைத் தாங்காது என்றார். மாத்திரை எப்போது நின்றது என்று கேட்டார். தவக்காலத்தைச் சொன்னேன். அவர் என்னையே பார்த்தார்.

"வெறும் வயித்துலயும் போடலாம்யா. சாயங்காலமும் போடலாம். என்னைக்கும் விடாமப் போடணும், அம்புட்டுதான்."

பிறகு, நிறுத்தச் சொன்னது யார் என்று கேட்டார். அந்த நேரத்தில்தான் நீ உள்ளே வந்தாய். அவளாகத்தான் நிறுத்தினாள் என்றேன். நீ என்னைப் பொய்யன் என்றாய். உன் அக்காள் மாஸ்க் மாட்டியபடியே, நான்தான் நிறுத்தினேன் என்று தலையை ஆட்டினாள். நீ அவள் பக்கம் திரும்பி, அறிவிருக்கா உனக்கு, செத்திருந்தா என்ன செய்வேன் என்று அழுதாய். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

இவ்வளவும் முடிந்துபோனது. முடியாதது ஒன்று இருக்கிறது.

மார்ச் இரண்டாம் தேதி விபூதிப் புதன். இந்த வருஷம் எனக்கு மட்டும்தான் ஒருசந்தி, உனக்கு வேண்டாம் என்று போன வாரம் சொன்னேன். அவள் மீன் அரிந்துகொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் நேர்ந்துகொண்டாளாம். பிழைத்து வீடு வந்து சேர்ந்தால் நாற்பது நாளும் பொழுது சாய்கிறவரை பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் வாயில் படாது, மாத்திரையும் கிடையாது, என்று.

சாயங்காலம் போடேன் என்றேன். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"காலை மாத்திரையச் சாயங்காலம் போடக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீக."

பங்குச் சாமியாரிடம் போய்க் கேட்டேன். நோயாளிக்கும் வயதானவருக்கும் ஒருசந்தி கட்டாயமே இல்லை, நேர்ச்சையை வேறு தர்மமாக மாற்றித் தருகிறேன் என்று வீட்டுக்கே வந்தார். எங்க வீட்டுக்காரர் சொல்றபடி சாமி என்று சொல்லிவிட்டு அவருக்குக் காப்பி போடப் போய்விட்டாள். சாமியார் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

என் தப்பை அவளிடம் ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். நான் சொன்னது தப்பு என்றால், போன வருஷம் அவள் கிடந்த நாற்பது பட்டினியும், பதினோரு நாள் மூச்சும், உன்னிடம் வாங்கிய ஏச்சும் எதற்கு என்று ஆகிவிடும். அதை நான் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். நாலைந்து தடவை அடுப்படி வரை போனேன். உப்பு இருக்கிறதா, தண்ணீர் வந்ததா என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன்.

ஆகவே எழுதித் தருகிறேன். மாத்திரையை நிறுத்தச் சொன்னது நான். ஈஸ்டருக்குப் பிறகும் வேண்டாம் என்று சொன்னது நான். டாக்டரம்மாவிடம் பழியை அவள் மேல் போட்டதும் நான். அவள் எனக்காகத் தலையாட்டினாள். நீ சொன்னது சரி, ஆனால் நாலு பேர் முன்னால் சொல்லியிருக்கக் கூடாது.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. உன் அம்மா போன பிறகு உன்னை இடுப்பில் வைத்து வளர்த்தவள் அவள். என் பேச்சுக்கு மேல் ஒரு பேச்சை அவள் கேட்பாள் என்றால் அது உன்னுடையது. செவ்வாய்க்கிழமை, மார்ச் ஒன்றாம் தேதி, நம் ஊர் நேரப்படி பகல் மூன்று மணிக்கு அவளுக்குப் போன் போடு. நீயாக எதுவும் சொல்ல வேண்டாம். இந்தக் கடிதத்தை முதல் வரியிலிருந்து வாசி. எந்த இடத்தையும் விட்டுவிடாதே. போனை ஸ்பீக்கரில் போடச் சொல்.

நான் கடலுக்குப் போக மாட்டேன். அவள் எதிரில் உட்கார்ந்திருப்பேன். வாசித்து முடித்ததும் அவள் ஏதாவது கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். நீ போனை வைத்துவிடு.

கர்த்தர் உன் கையையும் காலையும் கடலில் காப்பாராக. உன் அக்காளை அவர் எனக்கு இன்னும் கொஞ்ச காலம் விட்டுவைப்பாராக.

இப்படிக்கு,
உன் மச்சான்
வியாகுலம்