பெரிய மனுஷன் வாய் திறக்காத சனிக்கிழமை

ஞாயிறு, 17 அக்டோபர் 1976

வடக்குக் காற்று. வாயெல்லாம் தூசி. மதியத்துக்கு மேல் குளிர். மெல்பர்னுக்கு என்றைக்குத்தான் புத்தி தெளியுமோ.

துவைக்க: யூனிஃபார்ம், காலுறை. வாங்க: சோப்பு, முட்டை.

சிவமலர் அக்கா வீட்டு சோபாவில்தான் இன்னும் படுக்கை. என்னோடு அதே வார்டில் நர்ஸ், யாழ்ப்பாணத்துக்காரி. ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. "இரும். சாப்பிடும். பிறகு கதைப்பம்," அவ்வளவுதான். நல்லா இருப்பாள்.

கிளேட்டனில், வசந்தாவின் மாமா வீட்டுப் பின்னறையில் வசந்தாவும் நானும் ஒரு வருஷம் இருந்தோம். இரண்டு பெண்கள், ஒரே அறை, ஒரே கட்டில். யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை, பெ.ம. தட்டாமல் கதவைத் திறந்த அன்று வரை. அன்றைக்கே என் பெட்டி வாசலில். வ. உள்ளே.

பெ.ம. என்றால் பெரிய மனுஷன். வ.வின் தாய்மாமா. அந்த ஆள் பெயரை எழுதி என் டைரியை நாசமாக்க மாட்டேன்.

சர்ச்சில் எல்லோரும் சமாதானத்துக்கு ஜெபித்தார்கள். நான் பெ.ம.வின் இரண்டு முழங்காலும் வீங்க வேண்டும் என்று ஜெபித்தேன். மனதார.

செவ்வாய், 19

தூறல். நைட் டியூட்டி முடித்துத் தூங்காமல் பல்கலைக்கழகம் போனேன். பெ.ம.தான் வ.வைக் காரில் கொண்டுவந்து விடுகிறான், காரில் கூட்டிப் போகிறான். பெண்கள் கழிவறைக்குள் வர முடியாதே! அங்கே பேசினோம்.

வ. மெலிந்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை விமானமாம். டிக்கெட் வாங்கியாயிற்று.

நான் நினைத்ததுபோல எங்கள் விஷயம் மட்டும் இல்லை. அவள் அண்ணன் முரளி மெட்ராஸில் ஒளிந்திருக்கிறான். எமர்ஜென்சியை எதிர்த்து நோட்டீஸ் அடித்தவன். வாயைத் திறந்தால் உள்ளே, எழுதினால் உள்ளே, இப்போது அதுதானே ஊர் நிலைமை. போலீசுக்கு அவன் கிடைக்கவில்லை. தங்கையைக் கொண்டுபோய் ஸ்டேஷனில் உட்கார வைத்தால் தானே வெளியே வருவான் என்று கணக்கு. கான்பெராவில் நம் தூதரகத்திலிருந்து ஒரு கோட்டுக்காரர் வந்து பெ.ம.வோடு பேசி, காப்பி குடித்துவிட்டுப் போயிருக்கிறார். பெ.ம.வின் தம்பிக்கு டெல்லியில் பதவி உயர்வு வருமாம்.

அடப்பாவி. அக்காள் பெற்ற பிள்ளைகளை விற்றுத் தம்பிக்கு நாற்காலி!

"போக மாட்டேன்னு சொல்லேன்ட்டி."

"சொன்னேன். உன்னையும் என்னையும் பத்தி அப்பாவுக்கு எழுதிடுவேங்கறார். அப்பாவுக்கு ஏற்கெனவே நெஞ்சு வலி, எஸ்தர்."

பாஸ்போர்ட் இல்லாமல் ஓடியும் பிரயோஜனமில்லை. விசா முடியப்போகிறது. பாஸ்போர்ட் இருப்பது சாமி அலமாரியில், விக்கிரகத்துக்கு அடியில். பூட்டுக்கூட இல்லையாம்.

"ஸ்வாமி அலமாரிக்குப் பூட்டு எதுக்கு? குளிச்சு மடியா இல்லாம யாரும் தொட மாட்டா. மாமி வேற எப்பவும் அங்கேயே உக்காந்திருக்கா."

பிறகு, முகம் கழுவிக்கொண்டே, சனிக்கிழமை கிரகணம், மாமி அறையை விட்டு வரவே மாட்டாள் என்றாள். சும்மாதான் சொன்னாள். நான் குழாயை மூடினேன். "இன்னொரு தடவ சொல்லுட்டி" என்றேன்.

கிரகணம் பிடித்ததும் சாமி அலமாரிக்குத் திரை. விடும்வரை யாரும் கிட்டே போகக் கூடாது. மாமி படுக்கையறையில், ஜன்னலெல்லாம் மூடி. பெ.ம. தலைக்குக் குளித்து, ஈர வேட்டியோடு பலகையில் உட்கார்ந்து ஜெபம். எழுந்திருக்கக் கூடாது. பேசக் கூடாது. பேசினால் ஜெபித்த பலன் அத்தனையும் போச்சு.

"உனக்குப் பயமா இல்லையா, எஸ்தர்?"

நான் தூத்துக்குடிக்காரி. எங்கள் வீட்டில் கிரகணத்தன்றுதான் மீன் மலிவு என்று அம்மா வாங்கிப் பொரிப்பாள்.

வெள்ளி, 22

தீபாவளி. மேகம். வார்டில் எல்லா ஜன்னலுக்கும் நாளைக்குத் திரை போடச் சொல்லிவிட்டார்கள். ரேடியோவில் ஓயாமல் எச்சரிக்கை: பார்க்காதே, கண் போகும், பிள்ளைகளை உள்ளே வை. ஆறாம் கட்டில் கிழவி தன் பூனையை யார் உள்ளே வைப்பார்கள் என்று அழுதாள். வெள்ளைக்காரனும் பெ.ம.வும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே கட்சி.

வ. போனில், குசுகுசுவென்று. தர்ப்பை தீர்ந்துவிட்டதாம். துணி காயப்போடும் கம்பிக்கடியில் புல் பிடுங்கி ஊறுகாய் ஜாடிமேல் போடச் சொல்லியிருக்கிறான் பெ.ம. அண்டை வீட்டு நாய் மூத்திரம் போகிற புல். சிரித்தோம். பிறகு அழுதாள்.

வருவாயா என்று கேட்டேன். "பின்கதவைத் திறந்து வைக்கறேன்" என்றாள். வருகிறேன் என்று சொல்லவில்லை.

சிவமலர் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எல்லாவற்றையும்தான். கொஞ்ச நேரம் தேத்தண்ணியை ஆற்றினாள். "கிரகணத்துக்கை கார் ஓடுறது எனக்குப் பயமாத்தான் கிடக்கு. எண்டாலும் வாறன்."

சனி, 23

முடிந்தது. வரிசையாக எழுத வேண்டும்.

நாலரைக்குத் தெரு காலி. ஒரு பிள்ளை இல்லை, நாய் இல்லை. மேகத்துக்குப் பின்னால் வெளிச்சம் வடிந்துகொண்டே போனது. அக்கா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, முருகா முருகா.

பின்கதவு திறந்திருந்தது. சமையலறை ஓரத்தில் துவைக்கும் இடம். அங்கேதான் பலகை. அதில் பெ.ம. ஈர வேட்டி, விபூதி, பல் தந்தியடிக்கிறது, விரல் எண்ணுகிறது. அவனைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். தாண்டினேன். செருப்பைக் கழற்றவில்லை.

"ம்ம்! ம்ம்ம்!"

"வணக்கம், அங்கிள். எந்திரிக்காதீங்க, உக்காருங்க."

இந்த ஒரு வாக்கியத்தை நாலு நாளாகச் சொல்லிப் பார்த்திருந்தேன். பாயசம் குடித்த மாதிரி இருந்தது.

நடையில் துணி வைக்கும் அலமாரிதான் சாமி அலமாரி. திரையில் கை வைத்தேன். பின்னாலிருந்து வ., கையில் பெட்டியோடு: "நீ தொடாதே. நானே எடுக்கறேன்." சுருக்கென்றது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தேன், வெளிறிப்போய். பிறந்ததிலிருந்து சொல்லி வளர்த்த பயம். கண்ணை மூடிக்கொண்டு விக்கிரகத்துக்கு அடியில் கைவிட்டாள். எடுத்தாள்.

அப்போதுதான் முழு இருட்டு. தெருவிளக்குகள் தானாக எரிந்தன. பறவைச் சத்தம் நின்றது.

திரும்பி வந்தோம். பெ.ம. கண் பிதுங்கப் பார்த்தான். நான் வ.வை இழுத்து, அவன் எதிரிலேயே, வாயில் முத்தம் கொடுத்தேன். அவசரப்படாமல். அவன் விரல் எண்ணுவதை நிறுத்தவில்லை! தொண்டைக்குள் உறுமல் மட்டும்.

எனக்கு அது போதும். கிளம்பியிருக்கலாம். வ. கிளம்பவில்லை. பெட்டியைக் கீழே வைத்தாள். அவனுக்கு எதிரே குந்தி உட்கார்ந்தாள்.

"மாமா. அவா முரளியை அடிச்சே கொன்னுடுவான்னு உங்களுக்குத் தெரியும். 'போகாதேடி கொழந்தே'ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கோ. முரளிக்கு ஒண்ணும் ஆகவிட மாட்டேன்னு சொல்லுங்கோ. நான் இங்கேயே நின்னுடறேன்."

என்னட்டி செய்கிறாய், கிறுக்கச்சி! இழுத்தேன், அசையவில்லை.

அவன் உதடு பிரிந்தது. சத்தியமாகப் பிரிந்தது. உள்ளறையிலிருந்து மாமி, "ஏன்னா, யாரு அங்கே? பேச்சுக் குரல் கேக்கறதே?"

பெ.ம. வாயை மூடிக்கொண்டான். கண்ணையும் மூடிக்கொண்டான். விரல் மறுபடி எண்ண ஆரம்பித்தது.

வ. எழுந்தாள். வெளியே லேசாக வெளுத்துக்கொண்டு வந்தது. அக்கா காரை எடுத்தாள். ஸ்பிரிங்வேலில் அவள் வீடு வந்ததும் எங்கள் இருவரையும் தலைக்குக் குளிக்கச் சொன்னாள். குளித்தோம்.

ஞாயிறு, 24

வெயில். வானத்தில் ஒரு மேகம் இல்லை, இன்றைக்கு.

போன் ஏழெட்டுத் தடவை அடித்தது. அக்கா எடுத்து, "அப்பிடி ஒருத்தரும் இங்கை இல்லை," என்று வைத்தாள். கடைசித் தடவை, "உங்கட சாமி அலமாரியை முதல்லை கழுவுங்கோ" என்றாள். கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

பெ.ம. இப்போது கான்பெராக்காரருக்கு என்ன பதில் சொல்வான்? சொல்லட்டும். நெளியட்டும். தம்பி டெல்லியில் பியூனாகவே சாகட்டும். முரளி எங்கேயோ இன்னும் வெளியில்தான் இருக்கிறான் என்று நினைக்க நினைக்க இனிக்கிறது.

ஆனால் காலையிலிருந்து என் கோபமெல்லாம் வ. மேல்தான். விமானம் கிளம்பும் நேரம் தாண்டட்டும் என்று பொறுத்திருந்து கேட்டேன்.

"அவன் வாயைத் திறந்திருந்தா?"

"நின்னிருப்பேன்."

"என்னை விட்டுட்டா?"

"ஆமா."

மழுப்பவில்லை, கண்ணைத் தாழ்த்தவில்லை. அந்த ஆளுக்குள் ஒரு மாமா இருக்கிறானா என்று பார்க்க என்னைப் பணயம் வைத்திருக்கிறாள். பெ.ம.வை மன்னித்தாலும் இதை மன்னிக்க மாட்டேன் என்றேன். கேட்டுக்கொண்டாள். பிறகு என் தட்டை இழுத்து, நான் தொடாமல் வைத்திருந்த அவித்த முட்டையை எடுத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, முழுசாகத் தின்றாள்.

"வாந்தி வரது, எஸ்தர்," என்றாள். "இன்னொண்ணு குடு."