பதினேழாம் எண் முத்திரை

ஏரவாடா, புனே
ஞாயிறு காலை

அன்புள்ள ரோஹிணி அக்காவுக்கு,

புது ஊரில் சாமான்களை அடுக்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் கடிதம் எழுதி, அதைப் படமெடுத்துப் போனில் அனுப்பித் தொல்லை கொடுப்பதற்கு மன்னிக்கவும். பேசினால் நீங்கள் சிரித்துப் பேச்சை மாற்றுவீர்கள், நானும் சேர்ந்து சிரித்துவிடுவேன். கோயம்புத்தூரில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா? இங்கே வாப்பாவுக்கு முட்டிவலி குறையவில்லை. ஆனாலும் கடைக்குப் போகிறார்.

நான் பெருநாள் விடுப்பில் போகும்போது, சோதித்துத் தேறிய சாமானுக்குக் குத்தும் என் முத்திரை இருந்த இழுப்பறைச் சாவியைக் கேட்டீர்கள். மறுக்க எனக்கு வாய் வரவில்லை, கொடுத்துவிட்டேன். அது என் தப்பு. மறைக்கமாட்டேன்.

வியாழக்கிழமை பழைய சோதனைத் தாள்களை அடுக்கினேன். முப்பத்தாறு டர்பைன் பிளேடுகளுக்கும் காற்றோட்டம் சரி என்று, நான் இல்லாத நாளில், என் பதினேழாம் எண் முத்திரை. அன்றைக்கு அந்தச் சோதனைக் கருவியே நம் தொழிற்சாலையில் இல்லை அக்கா. அளவு சரிபார்க்க வெளியே போயிருந்தது. கேட் பாஸ் என் கையில் இருக்கிறது.

நம் மேனேஜர் முரளி சாரிடம் காட்டினேன். நான்தான் குத்தச் சொன்னேன், ரோஹிணி கம்பி விட்டே எல்லாத் துளையும் பார்த்துவிட்டாள், பெரிய விஞ்ஞானி மாதிரி குடையாதே என்றார். முத்திரை உன்னுடையது, கிளறினால் முதலில் உன் வேலைதான் போகும் என்றும் சொன்னார். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி, முதல் மாதச் சம்பளக்காரி நான்தான் என்று தெரிந்தே சொன்னார்.

அந்த உலோகம் உருகும் சூட்டையும் தாண்டிய நெருப்புக்காற்றில் அந்த பிளேடு சுழல்கிறது, ஊசிமுனைத் துளைகளில் வரும் குளிர்ந்த காற்றுதான் அதைக் காப்பாற்றுகிறது என்று முதல் வாரமே எனக்குச் சொன்னது நீங்கள். தெரியாதவர் செய்திருந்தால் இவ்வளவு கோபம் வந்திருக்காது. உள்ளே வளைந்து போகும் வழிக்குள் கம்பி நுழையாது என்பதும் உங்களுக்குத் தெரியும்.

பெட்டிகள் இன்னும் நம் கிடங்கில்தான் இருக்கின்றன. புதன்கிழமை வெளிநாட்டுக்கு ஏற்றுகிறார்கள்.

செவ்வாய் காலை தரப்பிரிவுத் தலைவர் பாலாம்பாள் மேடத்திடம் எல்லாவற்றையும், நான் உங்களுக்குச் சாவி கொடுத்ததையும் சேர்த்துச் சொல்லப்போகிறேன். அதற்குள் நீங்களும் உங்கள் பெயரில் மேடத்துக்கு நாலு வரி மெயில் அனுப்புங்கள்: அன்று ஒன்றையும் சோதிக்கவில்லை, முரளி சார் சொல்லி முத்திரை குத்தினேன் என்று. மேடம் அறைக்குள் என்னைத் தனியாகப் போக விடாதீர்கள், அக்கா.

உங்கள்
ஷாஜியா